மேரி காட்டிய இடம்

அன்னாமேரியின் கனவில் கிணறு நடந்து வரும்.

வாய்க்கால் மேட்டில் இருக்கும் அதே பழைய செங்கல் கிணறுதான். வரப்பு மேலே ஆடி ஆடி அவள் பின்னாலேயே வரும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். அவள் நடந்தால் அதுவும் நடக்கும். கிழக்குத் தெருக் கொல்லைகளுக்கு வெளியே, பூவரச மரத்தடிக்கு வந்ததும் கன்றுக்குட்டி மாதிரி மடங்கிப் படுத்துக்கொள்ளும். பாயில் படுத்தபடியே அவள் கையை நீட்டுவாள். சுவரும் குறுக்கே நிற்காது, வேலியும் குறுக்கே நிற்காது. கை நீண்டுகொண்டே போய்த் தண்ணீரைத் தொடும். அந்தக் குளிர்ச்சி விரலிலிருந்து தோளுக்கு ஏறுகிற நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு லூர்துமேரி சுவரைத் தட்டுவாள்.

"அன்னா, ஏந்திரு. நேரமாவுது."

வெளியே கும்மிருட்டாக இருக்கும். கோழிக்குக்கூட அது விடியல் என்று தோன்றியிருக்காது. அன்னாமேரி குடத்தைத் தேடி எடுப்பாள். பக்கத்தில் அவள் புருஷன் தனிஸ்லாஸ் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். அவனை ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள். கோபம் கூட இல்லை, பொறாமைதான். அப்படித் தூங்குவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது.

ஒதியம்பட்டைத் தாண்டி வயல் வழியே போனால் வரும் தாழம்பட்டில் எல்லாப் பெண்களுக்கும் இதே கதைதான். மாதா கோயிலில் முதல் மணி அடிப்பதற்குள் இரண்டு வேலை முடிய வேண்டும். ஒன்று, வாய்க்கால் மேட்டுக்குப் போய்த் தண்ணீர். இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "தாழைக்குப் போறது" என்பார்கள். பூவரச மரத்துக்கு அப்பால் மண்டிக் கிடக்கும் தாழம்புதர்தான் அந்த ஊர்ப் பெண்களுக்குக் கிடைத்த ஒரே மறைவு. மணி அடித்துவிட்டால் ஆண்கள் வெளியே வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பொழுது சாயும் வரை வயிறு என்ன சொன்னாலும் பெண்ணானவள் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆண்களுக்கு அப்படி ஒரு மணியும் கிடையாது. அவர்களுக்கு ஊரெல்லாம் மறைவுதான்.

கிணற்றுக்குப் போகிற வழியில் பெண்கள் பாதித் தூக்கத்தில் நடப்பார்கள். அப்போது அவரவர் கண்ட கனவைச் சொல்வது வழக்கம். ஒருத்தி பறந்திருப்பாள். ஒருத்தி செத்துப்போன அம்மாவோடு சேர்ந்து முறுக்கு சுட்டிருப்பாள். பாதி அறுந்த கனவை மற்றவள் வாங்கி மீதியை முடித்து வைப்பாள். பனி இறங்கிய வயலுக்கு நடுவே, முகம் தெரியாத இருட்டில், யார் பேசுகிறார்கள் என்பதே சில சமயம் தெரியாது. திரும்பும்போது பேச்சு இருக்காது. தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று குடம் ஏறிய பிறகு மூச்சு விடத்தான் தெம்பு இருக்கும்.

"உன் கெணறு வந்துச்சாடி?" என்று தினமும் லூர்துமேரி கேட்பாள்.

"வந்துச்சு. பூவரச மரத்தாண்ட படுத்துக்கிச்சு."

"அப்படியே புடிச்சுக் கட்டிப் போட வேண்டியதுதானே!"

அவளுக்கு வேறு பெரிய ஆசைகள் இல்லை. நகை கேட்கவில்லை, ஓட்டு வீடு கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் விடிந்த பிறகு எழுந்திருக்க வேண்டும். வெயில் முகத்தில் பட்டு, கண் கூசி, 'ஐயோ விடிஞ்சு போச்சே' என்று சோம்பல் முறிக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அவளுக்கு வாய்க்கவில்லை.

அப்படியிருக்க, ஊருக்கு ஓர் அடிபம்பு வரப்போகிறது என்று செய்தி வந்தது. எழுபத்தாறாம் வருஷம் கோடைக்கு முந்தி.

பம்பை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க, பிறந்ததிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி அறியாதவர்களாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர் டீக்கடை வாசலில் கூடினார்கள். கூட்டத்துக்கு முன்னாலேயே அன்னாமேரி புருஷனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"பூவரச மரத்தாண்ட வைக்கச் சொல்லு. எல்லார் வூட்டுக் கொல்லையும் அங்கதான் தொறக்குது. தாழைக்கும் பக்கம்."

"அங்க வெச்சா யாரு பாப்பாங்க? ஊருக்குப் பம்பு வருதுன்னா நாலு பேர் பாக்கற எடத்துல இருக்க வேணாமா?"

"நாலு பேர் பாக்கற எடம் வேணாம்னுதான் சொல்றேன்!"

சொல்வதாகத் தலையாட்டிவிட்டுப் போனவன் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. அங்கே பேசியதெல்லாம் சொல்தா கில்பர்ட்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து சைகோன் வரை போய் வந்தவர். மீசையும் தொப்பியும் இன்னும் பட்டாளத்திலேயே இருந்தன. டீக்கடைக்கு எதிர் வீடு அவருடையது.

"எங்க வூட்டு வாசல்ல வெச்சுடலாம். ரோட்டு மேல. போறவன் வர்றவன் பாத்தா, தாழம்பட்டுக்குத் தண்ணி வந்துடுச்சுன்னு தெரியும். எங்க எலிசாவுக்கும் கால் முடியல, வாசல்லயே புடிச்சுக்கும்" என்றார்.

எலிசா அவர் மனைவி. முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனதிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் ஆளுக்கொரு குடம் அவள் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். டீக்கடை பெஞ்சில் பொழுதெல்லாம் ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது அந்த வாசலில் நின்று அவள் பம்பு அடிப்பாளா என்று கில்பர்ட் அவளைக் கேட்கவில்லை. வீட்டு மருமகள்கள் அங்கே வருவார்களா என்றும் யாரும் யாரையும் கேட்கவில்லை. அன்னாமேரிக்கு மட்டும் விஷயம் தெளிவாகப் புரிந்தது. ரோட்டில் பம்பு வைத்தால் அந்தப் பெஞ்சு காலியாக இருக்கும் நேரத்தில்தான் தண்ணீர் பிடிக்க முடியும். அது அதே கும்மிருட்டு நேரம். கிணறு கிட்டே வருமே தவிர, தூக்கம் கிட்டே வரப்போவதில்லை. அன்று ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டுத் தனிஸ்லாஸோடு ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரிப் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கொம்யூன் ஆபீஸ் என்றால் 'மேரி'. பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன வார்த்தை. வாசலில் கொம்யூன் பஞ்சாயத்து என்று புதுப் பலகை மாட்டிய பிறகும் கில்பர்ட் போன்றவர்களுக்கு அது மேரிதான். "மேரி சொல்லிடுச்சு", "மேரி தரமாட்டேங்குது" என்பார்கள். தாழம்பட்டில் இதனால் குழப்பமே வந்ததில்லை. அந்த ஊரில் லூர்துமேரி, சகாயமேரி, அன்னாமேரி, குழந்தைமேரி என்று தடுக்கி விழுந்தால் ஒரு மேரி மேல்தான் விழ வேண்டும். அதனால் யாரையும் வெறும் மேரி என்று கூப்பிடுவதில்லை. லூர்து, சகாயம், அன்னா என்று முன்பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். வெறும் மேரி என்றால் ஆபீஸ். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போர் போட வந்த ஜாபர் அலிக்குத் தெரியாது. அவர் விழுப்புரத்துக்காரர். வில்லியனூர்க் கடைத்தெருவில் அவரைப் பார்த்த கில்பர்ட் தோரணையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"திங்கக்கெழம வா. எடம் இன்னான்னு மேரியக் கேட்டுக்க. மேரி காட்ற எடம்தான். அதுக்கு மேல தாழம்பட்டுல பேச்சே கெடையாது."

தன் வீட்டு வாசல் என்று ஆபீசில் ஏற்கெனவே ஒரு வார்த்தை போட்டு வைத்த தைரியம் அவருக்கு. ஜாபர் அலியோ, இந்த ஊரில் ஒரு பொம்பளை சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார்.

வேறு ஊரில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால் அவர் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே குழாய்களும் முக்காலிக் கம்பங்களும் ஆட்களுமாக வந்து இறங்கிவிட்டார். ஊரில் ஆண்கள் இல்லை. கில்பர்ட்டின் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாரும் லாரி பிடித்துக் காரைக்கால் போயிருந்தார்கள். லாரியில் இடம் ஆண்களுக்கு மட்டும்தான் இருந்ததாம்.

பூவரச மரத்தடியில் பெண்கள் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எலிசாகூட அன்றைக்குக் காலை நீட்டி உட்கார்ந்து முறம் பிடித்திருந்தாள். ஜாபர் அலி தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அம்மா, இங்க மேரின்றது யாரு?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "எந்த மேரி, பாய்? இங்க எல்லாரும் மேரிதான்" என்றாள் லூர்துமேரி.

"அதெல்லாம் தெரியாதும்மா. போர் போடற எடத்த மேரி காட்டும், அதுக்கு மேல பேச்சு இல்லன்னு சொல்தா சொன்னாரு."

சிரிப்பு நின்றது. அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் அவர் எந்த மேரியைச் சொல்கிறார் என்பது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்ததை ஒருத்தியும் வெளியே விடவில்லை. எல்லார் கண்களும் எலிசா மேல் போய் நின்றன. சொல்தாவின் பெண்சாதி அவள்தானே. 'அது ஆபீசுப்பா' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் கதை அதோடு முடிந்தது.

எலிசா முறத்திலிருந்த நெல்லை ஒரு தரம் புடைத்தாள். பதரை ஊதினாள். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"அவரே சொல்லிட்டாரு இல்ல. மேரி காட்டட்டும்."

அன்னாமேரி கையிலிருந்த நெல்லை உதறினாள். கனவில் நடப்பது போலவே எழுந்து முன்னால் வந்தாள்.

"நான்தான் மேரி" என்றாள்.

அது பொய்யா? ஞானஸ்நானத்தில் சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர். இருந்தாலும் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது என்ற யோசனையும் கூடவே ஓடியது. பேர் கேட்டாங்க சாமி, சொன்னேன் என்று சொல்லலாமா?

"எங்கம்மா போடணும்?"

அவள் யோசிக்கவே இல்லை. எத்தனையோ விடியலில் அந்தக் கிணறு வந்து படுத்த இடத்துக்கு நேராகப் போய், தன் வலது காலை ஊன்றி நின்றாள்.

"இங்க."

மூன்று கால் நட்டு, குழாயைக் கட்டி, ஆட்கள் கையாலேயே சுற்றிச் சுற்றி இறக்கினார்கள். நடுவில் ஜாபர் அலி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் சுல்தான்பேட்டை போய்விட்டு வந்தார். சாயங்காலம் வரை செம்மண்ணும் பிறகு பசை பசையாகக் களியும்தான் வந்தன. அவர் களியை விரலில் நசுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். நல்ல தலையாட்டலா கெட்ட தலையாட்டலா என்று சொல்லவில்லை.

அன்று அன்னாமேரியின் கனவில் கிணறு வரவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வரப்பு காலியாகவே கிடந்தது. விழித்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீர் வராமல் போனால்? ஊர் ஆண்களைக் கேட்காமல், தன் பேரைச் சொல்லி, களி மண்ணில் ஓட்டை போட வைத்த பொம்பளை என்று சாகும் வரை சொல்லிக் காட்டுவார்கள். இனி எந்தப் பெண்ணும் எதையும் இங்கே வை என்று வாய் திறக்க முடியாது. அந்தப் பயம்தான் அவளை அதிகம் வாட்டியது. காலையில் எலிசாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"அத்த, கெணறு இன்னிக்கி வரல."

"வந்து சேந்துட்டது அப்பறம் எதுக்குடி நடக்கும்?" என்றாள் எலிசா. "போய் அடுப்பப் பாரு."

சனிக்கிழமை மத்தியானம் குழாய் வாயில் வெள்ளை மணல் வந்தது. மணலோடு சேறு வந்தது. பிறகு கலங்கல், பிறகு கலங்கல் தெளிந்த தண்ணீர். ஒரு பெண்ணும் கத்தவில்லை, கூத்தாடவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து கையை நனைத்துக்கொண்டு போனாள். அன்னாமேரி கடைசியாக வந்தாள். அதே குளிர்ச்சிதான். விரலிலிருந்து தோளுக்கு ஏறியது. இந்த முறை யாரும் சுவரைத் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பம்பின் தலை மாட்டியாகிவிட்டது. மத்தியானத்துக்குள் பெண்கள் தென்னந்தட்டி பின்னிச் சுற்றிலும் மறைப்புக் கட்டி, ஒரு பக்கம் மட்டும் வழி விட்டார்கள். தாழைக்குப் போகிற பாதையையும் செதுக்கிச் சுத்தம் செய்து, அதன் ஓரத்திலும் தட்டி கட்டினார்கள்; இனி அதற்கும் மணியைப் பார்க்க வேண்டாம்.

பொழுது சாயும்போது லாரி வந்தது. சேதி கேட்டுக் கில்பர்ட் தொப்பியோடு கொல்லைப் பக்கம் விரைந்து வந்தார். பின்னால் தனிஸ்லாஸும் மற்றவர்களும் வந்தார்கள்.

"இன்னா இது? யாரைக் கேட்டு இங்க போட்டாங்க? எந்த முட்டாள் சொன்னான்?"

லூர்துமேரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "மேரி சொன்னிச்சு, மாமா."

"மேரியா?"

"மேரிதான். நேரா வந்து எடத்தக் காட்டிட்டுப் போச்சு. நீங்கதான் மேரி காட்ற எடத்துல போடச் சொன்னீங்களாமே, பாய் சொன்னாரு."

கில்பர்ட் தொப்பியை அழுத்தி மாட்டிக்கொண்டார். சைகோன் வரை போய் வந்த மனுஷன், மேலிடத்து உத்தரவுக்கு எதிர்ப் பேச்சுப் பேசிப் பழகாதவர். பம்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மேரி சொன்னா செரி" என்று முனகிவிட்டுப் போனார். ஆண்கள் எல்லாரும் அவர் பின்னாலேயே போனார்கள். தனிஸ்லாஸ் மட்டும் திரும்பிப் பார்த்தான். பெண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பெண்சாதி மட்டும் அவன் கண்ணைப் பார்த்தாள்.

சோறு போடும்போது அவன் கேட்டான். "மேரி நேரா வந்துச்சாமே?"

"வந்துச்சு."

"ஜீப்புலயா வந்துச்சு?"

"நெல்லு காயப்போட்டுக்கினு இருந்துச்சு. ஏந்திருச்சு வந்துச்சு."

அவன் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. "அடிப்பாவி!" என்றான். சிரிப்பதா கோபிப்பதா என்று அவன் முகத்துக்கே தெரியவில்லை. "எதுக்குடி இவ்ளோ துணிச்சல்? ஒனக்கு இன்னாதான் வேணும்?"

"நான் தூங்கணும்" என்றாள் அன்னாமேரி. "மொகத்துல வெயில் பட்டு ஏந்திரிக்கணும். இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு நாள் நான் அப்பிடி ஏந்திருக்கல. நீ அதப் பாத்தது கூட இல்ல, நீ தூங்கினு இருந்த."

தனிஸ்லாஸுக்கு இது புதிதாக இருந்தது. சேவல் கூவுவது மாதிரி பெண்கள் இருட்டில் எழுவதும் பிறவிக் குணம் என்றே அவன் நினைத்திருந்தான்.

"நான் போயி தண்ணி எடுத்தா ஊர் சிரிக்கும்டி."

"ஊரு டீக்கடை வாசல்ல கெடக்குது. கொல்லையில இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் யாரும் சுவரைத் தட்டவில்லை. வயலும் இல்லாத, வரப்பும் இல்லாத ஒரு தூக்கத்தில் அவள் கிடந்தாள். எங்கேயோ தூரத்தில் கடக் கடக் என்று சத்தம் கேட்டது. மணி கேட்டது. காக்கை கேட்டது. எதுவும் அவளைக் கூப்பிடவில்லை. கன்னத்தில் ஏதோ சூடாகப் பட்டபோது யாரோ கை வைக்கிறார்கள் என்று தட்டிவிடப் பார்த்தாள். கை எதுவும் அங்கே இல்லை, வெயில்தான்.

திடுக்கிட்டு எழுந்தாள். பழக்க தோஷத்தில் குடத்தைத் தேடினாள். குடம் இல்லை. பக்கத்தில் புருஷனும் இல்லை. பின்கதவைத் திறந்து வேலிப் படல் வரை போனாள். தட்டி மறைப்புக்கு உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. இடுக்கு வழியே பார்த்தாள்.

தனிஸ்லாஸ் அவளுடைய பித்தளைக் குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கு முன்னால், தொப்பி இல்லாத வெறுந்தலையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, சொல்தா கில்பர்ட் பம்பு அடித்துக்கொண்டிருந்தார். கீழே எலிசாவின் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது.

"டீக்கடையில போயி சொல்லித் தொலைக்காதடா" என்றார் கில்பர்ட், மூச்சு வாங்க.

"நான் எங்க மாமா சொல்லப் போறேன்? என் கையிலயும் கொடந்தானே இருக்குது."

கில்பர்ட் அடிப்பதை நிறுத்தித் தட்டி மறைப்பைச் சுற்றிலும் பார்த்தார். ரோடு தெரியவில்லை. டீக்கடையும் தெரியவில்லை.

"எங்க வூட்டு வாசல்ல வெச்சிருந்தா நான் எப்பிடிடா வந்திருப்பேன்? மேரி நல்ல எடமாத்தான் பாத்து வெச்சிருக்குது."

"எந்த மேரி மாமா?"

கில்பர்ட் அவனை முறைத்தார். பிறகு அன்னாமேரியின் வீட்டுப் பின்பக்கமாகத் தலையைத் திருப்பி, குரலைத் தணித்துக்கொண்டார்.

"எந்த மேரியா இருந்தா ஒனக்கு இன்னாடா? தூங்கட்டும். சத்தம் போடாம அடி."

அன்னாமேரி படலைச் சத்தமில்லாமல் சாத்தினாள். உள்ளே போய், வெயில் விழுந்துகொண்டிருந்த இடமாகப் பார்த்துப் பாயை நகர்த்திப் போட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டாள்.